தனிமரமும் தோப்பும்: மத்திய தூர ஓட்டத்தில் நாடுகளின் பலம்

2025 செப்டெம்பரில் டோக்கியோவில் நடைபெற்ற உலக மெய்வல்லுநர் சம்பியன்ஷிப்பில், ஆடவர் 1500 மீற்றர் ஓட்டத்தின் தங்கப் பதக்கத்தைப் போர்த்துக்கல் நாட்டின் ஐசாக் நாதர் வென்றார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 34.10 செக்கன். இரண்டாவதாக வந்த பிரித்தானியாவின் ஜேக் வைட்மனுக்கு 3 நிமிடம் 34.12 செக்கன். இருவருக்கும் இடையில் இருந்தது ஒரு செக்கனின் நூறில் இரண்டு பங்கு மட்டுமே. கென்யாவின் ரெனால்ட் செருயொட் மூன்றாமிடம் பெற்றார்.

இந்த முடிவை மட்டும் வைத்துக்கொண்டு, 1500 மீற்றரில் உலகின் பலம் வாய்ந்த நாடு போர்த்துக்கல் என்று யாரும் எழுதவில்லை, எழுதவும் முடியாது. முந்தைய ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்கர் கோல் ஹொக்கர், டோக்கியோவில் அரையிறுதியில் மற்றவர்களை இடித்து முன்னேறினார் என்பதற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். காயத்திலிருந்து மீண்டு வந்த நோர்வேயின் யாக்கொப் இங்கபிரிட்சன் முதற் சுற்றுடன் வெளியேறினார். 2023ஆம் ஆண்டின் உலகச் சம்பியன் ஜோஷ் கேர் இறுதி ஓட்டத்தின் நடுவே காலில் காயமடைந்து, நொண்டியபடி கடைசியாக வந்து சேர்ந்தார். நாதரின் வெற்றியை இவை குறைத்துவிடா. களத்தில் நின்றவர்களை அவர் வென்றார். ஓட்டப் போட்டி என்பதே அதுதான். ஆனால் ஒரு மனிதரின் வெற்றி வேறு, ஒரு நாட்டின் பலம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

அந்தப் பழக்கத்தை வளர்த்ததில் எம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கும் பங்குண்டு. பதக்கப் பட்டியல் ஒரு பத்தி அகலத்திற்குள் அழகாக அடங்கிவிடும். நாட்டின் பெயர், தங்கம், வெள்ளி, வெண்கலம், மொத்தம். அச்சுக்குப் போகும் நேரத்தில் அதைவிட வசதியான பொருள் வேறில்லை. வாசகருக்கும் ஒரே பார்வையில் யார் பெரியவர் என்பது விளங்கிவிடும். விளங்கியது உண்மைதானா என்பது வேறு கேள்வி.

பதக்கப் பட்டியல் சொல்லாதவை

1976ஆம் ஆண்டு மொன்ட்ரியல் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்வோம். 1500 மீற்றர் தங்கத்தை நியூசிலாந்தின் ஜோன் வோக்கர் வென்றார். நேரம் 3 நிமிடம் 39.17 செக்கன். அப்போதைய உலக சாதனை 3 நிமிடம் 32.2 செக்கன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், கிறைஸ்ற்சேர்ச் நகரில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டு விழாவில் அந்தச் சாதனையைப் படைத்தவர் தன்சானியாவின் பில்பேர்ட் பாயி. அன்று அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்த வோக்கரும் பழைய உலக சாதனையை முறியடித்திருந்தார். இவ்விருவரும் மீண்டும் மோதுவதைக் காண உலகமே காத்திருந்தது. ஆனால் பாயி மொன்ட்ரியலில் ஓடவில்லை.

காரணம் அரசியல். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவுக்கு நியூசிலாந்தின் ரக்பி அணி சுற்றுப்பயணம் சென்றது. நியூசிலாந்தை ஒலிம்பிக்கிலிருந்து விலக்க வேண்டும் என்ற ஆபிரிக்க நாடுகளின் கோரிக்கையைச் சர்வதேச ஒலிம்பிக் குழு ஏற்கவில்லை. ஆகவே இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் விழாவைப் பகிஷ்கரித்தன. எந்த நாட்டைக் கண்டித்து ஆபிரிக்கர்கள் வெளியேறினார்களோ, அந்த நாட்டின் வீரரே ஆபிரிக்கர் இல்லாத களத்தில் தங்கம் வென்றார். வோக்கர் மாபெரும் வீரர். ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 50 செக்கனுக்குள் ஓடிய முதல் மனிதர். பாயி வந்திருந்தாலும் அவர் வென்றிருக்கக்கூடும். அது நடக்கவில்லை என்பதைப் பதக்கப் பட்டியலின் எந்தக் கட்டமும் சொல்வதில்லை.

கென்யாவின் மைக் பொய்ட் 1972இல் 800 மீற்றரில் வெண்கலம் வென்றவர். 1976இல் அவரது நாடு பகிஷ்கரித்தது. 1980இல் ஆப்கானிஸ்தான் பிரச்சினையை முன்னிட்டு மொஸ்கோ ஒலிம்பிக்கையும் பகிஷ்கரித்தது. ஓட்ட வாழ்வின் சிறந்த ஆண்டுகளில் இரண்டு ஒலிம்பிக்குகளை அவர் இழந்தார். பட்டியலில் கென்யாவுக்கு எதிரே இருக்கும் வெற்றிடத்தைப் பார்க்கும் இளைய தலைமுறை, அந்த ஆண்டுகளில் கென்யா பலவீனமாக இருந்தது என்றே நினைக்கும்.

சாதனை ஏடு வேறொரு கதை சொல்கிறது

பதக்கங்களை நம்ப முடியாவிட்டால் நேரத்தை நம்பலாமே என்று கேட்கலாம். கடிகாரத்துக்கு அரசியல் தெரியாதுதான். ஆனால் அது தரும் விடையும் பலரைத் திகைக்க வைக்கும்.

ஆடவர் 1500 மீற்றர் உலக சாதனை 1985 ஓகஸ்ட் முதல் இன்று வரை வட ஆபிரிக்காவின் மக்ரெப் பகுதியை விட்டு வெளியே போகவில்லை. அந்த மாதம் மொரோக்கோவின் செயித் அவுயிட்டா அதைப் பிரித்தானியாவின் ஸ்டீவ் கிராமிடமிருந்து பறித்தார். 1992இல் அது அல்ஜீரியாவின் நூருத்தீன் மொர்செலியிடம் போனது. 1998 ஜூலை 14ஆம் திகதி ரோம் நகரில் மொரோக்கோவின் ஹிஷாம் எல் குரூஜ் 3 நிமிடம் 26.00 செக்கனில் ஓடினார். கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த நேரத்தை எவராலும் நெருங்க முடிகிறதே தவிர, தாண்ட முடியவில்லை.

இதில் கென்யாவின் பெயர் எங்கே? எங்கும் இல்லை. கென்ய நாட்டவர் ஒருவர் ஆடவர் 1500 மீற்றர் உலக சாதனையை ஒருபோதும் தம் பெயரில் வைத்திருந்ததில்லை. 2001இல் கென்யாவுக்காக ஓடிய பேர்னார்ட் லகாட் 3 நிமிடம் 26.34 செக்கன் வரை வந்தார். அதே ஓட்டத்தில் அவருக்கு முன்னால் எல் குரூஜ் இருந்தார். சாதனை ஏட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு வழங்கினால், மத்திய தூர ஓட்டத்தின் மிகப் பெரிய நாடென்று உலகம் கருதும் கென்யாவுக்கு 1500 மீற்றரில் இடமே கிடையாது.

800 மீற்றருக்கு வந்தால் காட்சி தலைகீழாகிறது. 1988 முதல் 2024 வரை நடந்த பத்து ஒலிம்பிக் விழாக்களில் ஏழில் 800 மீற்றர் தங்கத்தைக் கென்யர்களே வென்றார்கள்: போல் எரெங், வில்லியம் தனுயி, வில்பிரெட் புங்கெய், இருமுறை டேவிட் ருடிஷா, இம்மானுவெல் கோரிர், இம்மானுவெல் வன்யோன்யி. 2012இல் லண்டனில் ருடிஷா 1 நிமிடம் 40.91 செக்கனில் உலக சாதனை படைத்த ஓட்டத்தில், எட்டாவதாக, அதாவது கடைசியாக வந்தவரின் நேரம் 1 நிமிடம் 43.77 செக்கன். அதற்கு முந்தைய மூன்று ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்றவர்களின் நேரத்தைவிட அது சிறந்தது.

ஆக, ஒரே துறையில் அளவுகோலை மாற்றினால் சம்பியன் நாடும் மாறிவிடுகிறது. அப்படியானால் எந்த அளவுகோல் சரியானது?

தனிமரங்கள்

தனிமரம் தோப்பாகாது என்பது எமது முதுமொழி. நாடுகளின் விளையாட்டுப் பலத்தைப் பேசும்போது நாம் முதலில் மறப்பது இதைத்தான்.

மொன்ட்ரியல் 800 மீற்றர் இறுதி ஓட்டத்தை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன். கியூபாவின் அல்பேர்ட்டோ ஜுவாந்தொரேனா 1 நிமிடம் 43.50 செக்கனில் உலக சாதனையுடன் வென்றார். அந்த ஓட்டத்தின் முதற் சுற்றை முன்னின்று இழுத்துச் சென்றவர் யார் தெரியுமா? இந்தியாவின் ஸ்ரீராம் சிங். முதல் 400 மீற்றரை 51 செக்கனுக்குள் கடந்தார். முடிவில் ஏழாமிடம், நேரம் 1 நிமிடம் 45.77 செக்கன். தெற்காசியாவிலிருந்து போன ஒருவர் ஒலிம்பிக் இறுதி ஓட்டத்தில் உலகச் சம்பியன்களை ஒரு சுற்று முழுவதும் பின்னால் ஓடவைத்தார் என்பது பெருமைக்குரியதே.

ஆனால் அந்த 1 நிமிடம் 45.77 செக்கன் இந்தியாவின் தேசிய சாதனையாக எத்தனை ஆண்டுகள் நிலைத்தது? நாற்பத்திரண்டு ஆண்டுகள். 2018இல்தான் ஜின்சன் ஜோன்சன் அதை முறியடித்தார். ஒரு சாதனை நீண்ட காலம் நிலைப்பதைப் பார்த்து நாம் பெருமை கொள்கிறோம். உண்மையில் அது அந்த மனிதரின் உயரத்தைக் காட்டுவதோடு, அவருக்குப் பின்னால் இருந்த வெறுமையையும் காட்டுகிறது.

கியூபாவும் இதற்கு விலக்கல்ல. அதே விழாவில் 400 மீற்றர் தங்கத்தையும் வென்ற ஜுவாந்தொரேனாவுக்குப் பின்னர் ஒலிம்பிக் 800 மீற்றர் தங்கம் அந்த நாட்டுக்குப் போகவில்லை.

நியூசிலாந்தின் கதை சற்று வேறுபட்டது. 1960இலும் 1964இலும் பீற்றர் ஸ்னெல் 800 மீற்றர் தங்கம் வென்றார்; 1964இல் 1500 மீற்றரையும் சேர்த்து வென்றார். அப்போது நாட்டின் மக்கள்தொகை முப்பது இலட்சத்தையும் எட்டவில்லை. ஸ்னெலை உருவாக்கியவர் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்றுநர். மத்திய தூர வீரரும் முதலில் வாரந்தோறும் நெடுந்தூரம் ஓடி உடலின் அடித்தளத்தைக் கட்டவேண்டும் என்பது அவரது முறை. பின்னாளில் அந்த முறை உலகெங்கும் பரவியது. ஒரு நாடு தன் மரங்களை மட்டும் வளர்க்காமல், மரம் வளர்க்கும் முறையையே உலகுக்குக் கொடுத்தது. அதையும் பலம் என்றே நான் கொள்வேன். எந்தப் பட்டியலிலும் அதற்கு ஒரு நிரல் இல்லை என்பதுதான் குறை.

நான்காமவர்

என் கருத்தில், ஒரு நாட்டின் உண்மையான பலத்தை அளக்கச் சிறந்த வழி, அந்த நாட்டின் நான்காவது வீரரைத் தேடுவதுதான். ஒலிம்பிக்கில் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு நாட்டிலிருந்து மூவரே பங்குபற்றலாம். விமானம் ஏறாமல் வீட்டில் நின்றுவிட்ட நான்காமவர் யார்? அவர் ஏறியிருந்தால் என்ன செய்திருப்பார்? இந்தக் கேள்விக்கான விடையில்தான் நாட்டின் பலம் இருக்கிறது.

பொதுவாக இந்தக் கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. 2021இல் ஒருமுறை கிடைத்தது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கான கென்யத் தகுதிகாண் போட்டியில் 1500 மீற்றரில் நான்காமிடம் பெற்றவர் திமொத்தி செருயொட். 2019ஆம் ஆண்டின் உலகச் சம்பியன் அவர்! நான்காமிடம் என்பதால் அணியில் இடம் கிடைக்கவில்லை. பின்னர், தெரிவான இளம் வீரர் ஒருவர் ஊக்கமருந்துப் பரிசோதனை தொடர்பான முன்நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யாததால் செருயொட்டுக்கு அழைப்பு வந்தது. டோக்கியோ சென்ற அவர் வெள்ளிப் பதக்கத்துடன் திரும்பினார். வீட்டில் நிறுத்தப்பட்ட நான்காமவர் உலகில் இரண்டாமவராக இருந்தார். இதைவிடத் தெளிவான சான்று வேறு தேவையில்லை.

நான்காமவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் இன்னொரு களம் உண்டு: அஞ்சலோட்டம். 4×800 மீற்றர், 4×1500 மீற்றர் ஓட்டங்கள் அபூர்வமாகவே நடைபெறுகின்றன, ஒலிம்பிக்கில் இல்லை. ஆயினும், ஒரு நாட்டின் நான்கு பேரையும் ஒரே கணக்கில் கூட்டிக் காட்டும் கண்ணாடி அவை மட்டுமே.

1982 ஓகஸ்டில் லண்டனில் பிரித்தானிய அணி 4×800 மீற்றரை 7 நிமிடம் 03.89 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்தது. அணியில் பீற்றர் எலியட், கரி குக், ஸ்டீவ் கிராம், செபஸ்டியன் கோ ஆகியோர் இருந்தனர். 1980இல் 800 மீற்றர் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஸ்டீவ் ஓவெட் அந்த அணியில் இல்லை! ஒலிம்பிக் சம்பியனை விட்டுவிட்டும் உலக சாதனை படைக்கக்கூடிய நாடு எப்படிப்பட்ட பலம் பெற்றிருந்திருக்க வேண்டும்? நால்வரின் சராசரி ஆளுக்கு 1 நிமிடம் 46 செக்கனுக்குச் சற்றுக் குறைவு. அஞ்சலோட்டத்தில் பின்னால் வருபவர்களுக்கு ஓடத் தொடங்கிய நிலையில் கோல் கைமாறுவதால் சிறு அனுகூலம் உண்டு. அதைக் கழித்துப் பார்த்தாலும், நாற்பத்திரண்டு ஆண்டுகள் இந்தியாவின் உச்சமாக இருந்த நேரத்தை ஒட்டியே அன்றைய பிரித்தானியாவின் நால்வருடைய சராசரி இருந்தது. தனிமரத்துக்கும் தோப்புக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

அன்றைய பிரித்தானியாவில் அணிக்குத் தெரிவாவது பதக்கம் வெல்வதைவிடக் கடினமாக இருந்தது. 1984இல் தேசியப் போட்டியில் 1500 மீற்றரில் கோவை எலியட் தோற்கடித்தார். ஆயினும் தெரிவாளர்கள் அந்த நிகழ்ச்சிக்குக் கோவையே அனுப்பினார்கள். பெரும் சர்ச்சை எழுந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் சென்ற கோ தங்கமும், கிராம் வெள்ளியும் வென்றார்கள். நான்காண்டுகளின் பின் சியோல் ஒலிம்பிக்குக்கு இரட்டைச் சம்பியனான கோ தெரிவு செய்யப்படவில்லை. எலியட் சென்று வெள்ளி வென்றார்.

பிரித்தானியாவின் அந்த அஞ்சலோட்டச் சாதனை 24 ஆண்டுகள் நிலைத்தது. 2006இல் பிரசல்ஸ் நகரில் கென்ய அணி 7 நிமிடம் 02.43 செக்கனில் அதை முறியடித்தது. 4×1500 மீற்றர் சாதனையோ 1977 முதல் மேற்கு ஜேர்மனியிடம் இருந்தது. ஒலிம்பிக் 1500 மீற்றர் தங்கத்தை ஒருமுறைகூட வெல்லாத நாடு அது! பதக்கப் பட்டியலை மட்டும் படிப்பவருக்கு மேற்கு ஜேர்மனியின் அந்த ஆழம் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. 32 ஆண்டுகளின் பின், 2009இல் அதையும் கென்யர்களே எடுத்தார்கள்; 2014இல் நசாவு நகரில் 14 நிமிடம் 22.22 செக்கனாக மேலும் குறைத்தார்கள்.

1500 மீற்றர் உலக சாதனை ஒருபோதும் கென்யாவிடம் இருந்ததில்லை என்று மேலே எழுதினேன். நால்வரைக் கூட்டும் சாதனை அவர்களிடம் இருக்கிறது. மிக உயர்ந்த மரம் மொரோக்கோவில் நிற்கிறது. தோப்பு கென்யாவில் இருக்கிறது.

கொடி யாருடையது?

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஒரு வீரரை எந்த நாட்டின் கணக்கில் எழுதுவது?

வில்சன் கிப்கெட்டர் கென்யாவில் பிறந்தவர். இட்டென் நகரின் புனித பற்றிக் பாடசாலையில் படித்தவர். அயர்லாந்திலிருந்து 1976இல் ஆசிரியராக வந்த அருட்சகோதரர் கொல்ம் ஓகொனெல் பல வீரர்களை உருவாக்கிய பாடசாலை அது. ருடிஷாவும் அவரது மாணவரே. கிப்கெட்டர் 1990இல் மாணவராக டென்மார்க் சென்று, அங்கேயே தங்கி, அந்த நாட்டுக்காக ஓடினார். 1995, 1997, 1999 ஆகிய ஆண்டுகளில் 800 மீற்றர் உலகச் சம்பியன். 1997இல் கோவின் பதினாறு ஆண்டுச் சாதனையை முறியடித்தார். ஆனால் 1996 அற்லாண்டா ஒலிம்பிக்கின்போது குடியுரிமை முழுமை பெறாததால், உலகின் முதல்தர 800 மீற்றர் வீரர் எந்தக் கொடியின் கீழும் ஓட முடியாமல் நின்றார். பின்னர் 2000இல் வெள்ளியும் 2004இல் வெண்கலமும் பெற்றார். அந்த இரு விழாக்களிலும் 800 மீற்றரில் கென்யாவுக்குப் பதக்கமே இல்லை.

பில்லி கொஞ்செல்லா 1987இலும் 1991இலும் கென்யாவுக்காக 800 மீற்றர் உலகச் சம்பியனானவர். அவருடைய மகன் யூசுப் சாத் கமெல் என்ற பெயருடன் 2009இல் பஹ்ரெய்ன் நாட்டுக்காக 1500 மீற்றர் உலகச் சம்பியனானார். தந்தையின் தங்கம் கென்யாவுக்கு. மகனின் தங்கம் பஹ்ரெய்னுக்கு.

பேர்னார்ட் லகாட் கென்யாவுக்காக 2000இலும் 2004இலும் ஒலிம்பிக் பதக்கம் வென்று, 2007இல் அமெரிக்காவுக்காக 1500, 5000 மீற்றர் இரண்டிலும் உலகச் சம்பியனானார்.

இவர்கள் எல்லோரையும் ஒரே பட்டியில் அடைத்து, பணத்துக்காகக் கொடி மாற்றியவர்கள் என்று எழுதுவது இலகு, ஆனால் அநியாயம். கனடாவின் மார்க்கோ அரொப்பைப் பாருங்கள். சூடானில் பிறந்து, போரினால் பெற்றோருடன் எகிப்துக்குச் சென்று, அங்கிருந்து சிறு குழந்தையாகவே கனடாவுக்கு வந்தவர். ஓடத் தொடங்கியதே எட்மன்டன் நகரின் பாடசாலை நாட்களில்தான். 2023இல் 800 மீற்றர் உலகச் சம்பியனானார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வன்யோன்யியிடம் ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கினால் தங்கத்தை இழந்தார். அவர் கனடாவின் வீரர் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஏதிலியாக வந்த குழந்தையை வளர்த்த மண் அது. டொரொன்டோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் பிள்ளைகளை வளர்க்கும் எமது வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழைக் காட்டி அந்தப் பிள்ளைகளின் நாட்டைத் தீர்மானிக்க எவரும் முற்பட்டால் நாம் எப்படி உணர்வோம்?

ஆக, கொடியையோ பிறந்த இடத்தையோ வைத்து அல்ல, வீரரை வளர்த்த களத்தை வைத்தே நான் கணக்கெழுதுவேன். அந்தக் கணக்கில் அரொப் கனடாவுக்குரியவர். கிப்கெட்டரின் அத்திவாரம் இட்டெனில், மேல்மாடி டென்மார்க்கில். உருவாகி முடிந்த வீரரைக் கடவுச்சீட்டுக் கொடுத்து அழைத்துக்கொள்ளும் அரசுகளின் பதக்கம் அவற்றின் கருவூலத்தைக் காட்டுமே தவிர, மெய்வல்லுநர் பலத்தைக் காட்டாது. இந்த வேறுபாட்டை உலக மெய்வல்லுநர் சம்மேளனமும் காலந்தாழ்த்தி உணர்ந்தது. 2017இல் நாடு மாறுவதை முற்றாக நிறுத்திவைத்து, 2018இல் மூன்றாண்டுக் காத்திருப்புடன் கூடிய புதிய விதிகளைக் கொண்டுவந்தது. அப்போது அதன் தலைவராக இருந்தவர், மேலே கண்ட அதே செபஸ்டியன் கோ.

வளர்த்த களத்தைத் தேடிப் போனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை விட்டுவிட முடியாது. 1988இல் சியோலில் கென்யாவுக்கு 800, 1500 மீற்றர் தங்கங்களை வென்ற எரெங், பீற்றர் ரோனோ இருவரும் அப்போது அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள். 1984இல் 800 மீற்றர் தங்கம் வென்ற பிரேசிலின் யொவாகிம் குரூஸ் ஒறிகன் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். பாரிஸில் வெள்ளி வென்ற பிரித்தானியரான கேர் நியூ மெக்சிக்கோ பல்கலைக்கழகத்தில் ஓடியவர். பல ஆண்டுகள் அமெரிக்கா மற்றவர்களின் தோப்புக்கும் நீர் பாய்ச்சியது.

தோப்பின் நிழல்

நான்காமவரைப் போற்றிவிட்டு, அவருக்கு நேரும் துன்பத்தை எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

2008 பீஜிங் 1500 மீற்றரில் முதலில் வந்தவர் மொரோக்கோவில் பிறந்து பஹ்ரெய்னுக்காக ஓடிய ரஷீத் ரம்சி. ஊக்கமருந்து நிரூபணமாகி அவரது தங்கம் பறிக்கப்பட்டு, கென்யாவின் அஸ்பெல் கிப்ரொப்புக்கு வழங்கப்பட்டது. கிப்ரொப் பின்னர் 2011, 2013, 2015இல் உலகச் சம்பியனானார். 2017 நவம்பரில் எடுக்கப்பட்ட மாதிரியில் ஈ.பி.ஓ. என்ற தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததாக அவருக்கும் நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது; அவர் குற்றச்சாட்டை மறுத்தார். கடந்த பத்தாண்டுகளில் ஊக்கமருந்து விவகாரத்தில் தடைசெய்யப்பட்ட கென்ய ஓட்டவீரர்களின் தொகை அந்த நாட்டுக்குப் பெரும் தலைகுனிவாகியுள்ளது.

இதைக் கென்யர்களின் ஒழுக்கக்கேடு என்று சொல்பவர்கள், நான்காமவரின் நிலையில் நின்று பார்ப்பதில்லை. மூன்றாமவருக்கு விமானமும் பரிசுப் பணமும் வெளிநாட்டு அழைப்பும் உண்டு. ஒரு செக்கன் பின்னால் வந்த நான்காமவருக்குக் குடும்பத்தின் சிறு நிலமும் கடனும் மட்டுமே. உலகில் எங்கே பிறந்திருந்தாலும் தேசிய வீரராகியிருக்கக்கூடிய ஒருவர், தம் ஊரில் யாருமற்றவராக நிற்கிறார். அந்த ஒரு செக்கனை ஊசியில் விற்க ஒருவன் வாசலில் வந்து நின்றால் என்னாகும்? குற்றம் குற்றமே, தண்டனையும் வேண்டியதே. ஆனால் தோப்பின் பெருமையை அனுபவிக்கும் நாடு, அதன் கடைசி வரிசை மரங்களுக்கு நீரூற்றும் பொறுப்பையும் ஏற்கவேண்டும்.

இன்றைய நிலை

இன்று இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது?

800 மீற்றரில் உச்சியில் நிற்பவர் கென்யாவின் வன்யோன்யியே. பாரிஸில் ஒலிம்பிக் தங்கம், 2025 டோக்கியோவில் உலகத் தங்கம். டோக்கியோவில் அவருக்கும் இரண்டாமவரான அல்ஜீரியாவின் ஜமால் செஜாத்திக்கும் மூன்றாமவரான அரொப்புக்கும் இடையிலான முழு இடைவெளியும் ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தங்கம் கென்யாவில் இருக்கிறது. ஆனால் மற்றவர்கள் அதன் வேலிக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

1500 மீற்றரில் வேலி ஏற்கனவே விழுந்துவிட்டது. 2011 முதல் 2019 வரை நடந்த ஐந்து உலகச் சம்பியன்ஷிப்களிலும் தங்கம் கென்யாவுக்கே. அதன் பின்னர் நடந்த ஒலிம்பிக், உலகப் போட்டிகளின் தங்கங்கள் நோர்வே, பிரித்தானியா, மீண்டும் பிரித்தானியா, அமெரிக்கா, போர்த்துக்கல் என்று சிதறிவிட்டன. பாரிஸ் இறுதி ஓட்டத்தில் அமெரிக்கர்கள் முதலாம், மூன்றாம், ஐந்தாம் இடங்களைப் பிடித்தார்கள். இதைத்தான் நான் தோப்பு என்கிறேன். பிரித்தானியாவின் 2022, 2023 உலகச் சம்பியன்களான வைட்மன், கேர் இருவரும் எடின்பரோவின் ஒரே கழகத்தில் வளர்ந்தவர்கள். ஒரு நகரத்தின் ஒரு கழகம் இரு உலகச் சம்பியன்களைத் தந்திருக்கிறது. ஐம்பது இலட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட நோர்வே, 2023 இறுதி ஓட்டத்தில் வெள்ளி, வெண்கலம் இரண்டையும் எடுத்தது. இங்கபிரிட்சன் குடும்பத்தின் மூன்று சகோதரர்களும் 1500 மீற்றரில் ஐரோப்பியச் சம்பியன்களானவர்கள். ஒரு வீட்டு முற்றத்தில் முளைத்தது தோப்பாகுமா என்பதற்கு அடுத்த பத்தாண்டுகள்தான் விடை சொல்லும்.

இதிலிருந்து சிறிய நாடுகள் கற்க வேண்டியது ஒன்றுண்டு. எமது பிராந்தியத்தின் விளையாட்டு நிர்வாகங்கள் ஒரு வீரர் தலையெடுத்தவுடன் எல்லா நிதியையும் அவர் மீது கொட்டி, ஒரு பதக்கத்துக்காகக் காத்திருக்கின்றன. அவர் காயமடைந்தால் கதை முடிந்தது. அவர் வென்றால் விமான நிலையத்தில் மாலை, அமைச்சருடன் படம். அவர் ஓய்வுபெற்றபின் நாற்பது ஆண்டு மௌனம். இட்டெனில் நடந்ததும் எடின்பரோவில் நடந்ததும் வேறு. ஒரு பாடசாலை அல்லது ஒரு கழகம், அங்கே பல ஆண்டுகள் விலகாமல் நின்ற பயிற்றுநர், ஒருவரை ஒருவர் ஒவ்வொரு மாலையும் தோற்கடிக்கும் பத்துப் பதினைந்து பிள்ளைகள். இதற்கு அதிகப் பணம் தேவையில்லை. பொறுமை தேவை. அரசியல்வாதியின் பதவிக்காலத்தைவிட நீண்ட பொறுமை.

அடுத்த உலகப் போட்டியின் முடிவுகள் வரும்போது, தங்கம் வென்றவரின் பெயருடன் நின்றுவிடாதீர்கள். எட்டாம் இடம் வரை படியுங்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பிறகு, அந்த நாடுகளின் தகுதிகாண் போட்டிகளில் நான்காவதாக வந்தவர் யார், அவருடைய நேரம் என்ன என்று தேடிப் பாருங்கள். நாட்டின் பலம் அந்த வரியில்தான் எழுதப்பட்டிருக்கும்.